பயமறியாதவன் என்று சொன்னால் போதுமா? – சுபேதார் நேத்ரபகதூர் தாபா, பிஷன்பூர், 1944

வாசகர் கேள்வி, ஜூன் 12

“சாவுக்குப் பயமில்லை என்று ஒருவன் சொன்னால் அவன் பொய் சொல்கிறான், இல்லையென்றால் அவன் கூர்க்கா.” முன்னாள் ராணுவத் தளபதி மானெக்‌ஷா சொன்னதாக இதை எல்லாரும் பகிர்கிறார்கள். அப்படியென்றால் கூர்க்காவின் தியாகத்தில் பெரிதாக என்ன இருக்கிறது? பயமே இல்லாதவன் உயிரைக் கொடுப்பதும் பயந்தவன் கொடுப்பதும் ஒன்றா? இன்னொன்று. வெள்ளைக்காரன் பட்டாளத்தில் செத்தவனை நாம் ஏன் தியாகி என்று கொண்டாட வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 12, இரவு

இரண்டு கேள்வி இருக்கிறது. முதல் கேள்விக்கு நான் பல வருஷமாக உள்ளுக்குள் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் ராணுவத்தின் தகவல்தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். வேலூர்ப் பக்கம். சர்வீஸில் ஒரு பகுதி வடகிழக்கு மலையில் ஒரு கூர்க்கா பட்டாலியனோடு இணைப்பில் போயிற்று. அந்த மானெக்‌ஷா வாசகத்தைப் பாசத்தோடுதான் சொல்கிறார்கள், தெரியும். ஆனால் நீங்கள் கேட்டது சரியான கேள்வி, தம்பி. பயமே இல்லை என்று சொல்லிவிட்டால் அவன் கொடுத்ததன் மதிப்பை நாமே குறைத்துவிடுகிறோம். வெள்ளைக்காரன் ‘வீர இனம்’ என்று பட்டியல் போட்டு ஆள் எடுத்தான். அந்தப் பட்டியலின் வால்தான் இந்தப் பேச்சு.

பொதுவாகப் பேசினால் எங்கும் போய்ச் சேராது. ஒரே ஒரு ஆளை எடுத்துக்கொள்கிறேன். நேத்ரபகதூர் தாபா. 5-வது ராயல் கூர்க்கா ரைபிள்ஸ், 2-வது பட்டாலியன். நேபாளத்தில் லம்ஜுங். 1916-இல் பிறந்தவர். 1944 ஜூன் 26 விடியற்காலை மணிப்பூரில் பிஷன்பூருக்கு மேலே ஒரு மலைச்சரிவில் செத்தார். 28 வயது.

ஜூன் 12, இன்னும் இரவுதான்

இடத்தைச் சொல்லாமல் இந்தக் கதை புரியாது.

இம்பாலிலிருந்து தெற்கே திட்டிம் சாலையில் சுமார் 27 கிலோமீட்டர் போனால் பிஷன்பூர். இன்றைய பெயர் பிஷ்ணுபூர். ஒரு பக்கம் லோக்டாக் ஏரியும் வயலும், இன்னொரு பக்கம் சுவர் மாதிரி எழும்பும் மலை. அந்த மலையேறி மேற்கே சில்சாருக்கு அன்று ஒரு தடம் போயிற்று. இரண்டாம் உலகப் போரில் பர்மா வழியாக இம்பாலைப் பிடிக்க வந்த ஜப்பானின் 33-வது டிவிஷன் தெற்கிலிருந்து வந்து மோதியது இங்கேதான். மலைமுகட்டில் வரிசையாகச் சிறுசிறு பிக்கெட்டுகள், அதாவது காவல் நிலைகள். அவற்றில் ஒன்றின் பெயர் ‘மோர்ட்டார் பிளஃப்’, அதற்குத் தெற்கே கொஞ்சம் உயரத்தில் ‘வாட்டர் பிக்கெட்’.

ஜூன் 24 இரவு வாட்டர் பிக்கெட் ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது. அதாவது மோர்ட்டார் பிளஃபில் யார் நின்றாலும் மேலேயிருந்து எதிரி அவன் உச்சந்தலையைப் பார்க்கலாம். மறைவு என்று ஒன்றும் கிடையாது. அடுத்த நட்பு பிக்கெட் 400 கஜம் தள்ளி. அங்கிருந்து 3 அங்குல மோர்ட்டார் ஓரளவு உதவலாம், அவ்வளவுதான். இது போனால் அந்த முகட்டின் மற்ற நிலைகளும் கீழே பிஷன்பூரும் ஆபத்தில்.

25-ஆம் தேதி பிற்பகல் 41 பேரோடு இந்த இடத்தை ஏற்றுக்கொள்ள அனுப்பப்பட்டவர் நேத்ரபகதூர்.

ஜூன் 13

இன்று காலை ஒருவர் “கோஹிமாவில் செத்த அந்த சிப்பாய்தானே” என்று எழுதியிருக்கிறார். கோஹிமா வடக்கே, இது இம்பாலுக்குத் தெற்கே. சிப்பாயும் இல்லை, பொறுப்பு சுபேதார். ‘வைஸ்ராய் கமிஷன்’ பெற்ற அதிகாரி என்று அன்று சொல்வார்கள், சிப்பாய்க்கும் முழு அதிகாரிக்கும் நடுவே, இன்றைய ஜே.சி.ஓ. மாதிரி. அன்று கூர்க்கா ரெஜிமெண்டுகளில் மன்னர் கமிஷன் வாங்கிய அதிகாரி எல்லாரும் வெள்ளைக்காரர்கள். இந்தியர்களைக்கூட 1947 வரை அங்கே அதிகாரியாகப் போடவில்லை. நேத்ரபகதூர் மாதிரி ஒருவர் எவ்வளவு திறமை காட்டினாலும் சுபேதார் மேஜர் வரைதான் படி. இதை மனதில் வைத்துக்கொண்டு அந்த ராத்திரியைப் படியுங்கள். 41 பேரின் உயிரைக் கையில் கொடுக்கலாம், ஆனால் ஒரு லெப்டினன்ட் பட்டம் கொடுக்க முடியாது.

ஜூன் 13, மாலை

அந்த ராத்திரி. அவருக்குக் கொடுத்த விக்டோரியா கிராஸ் (பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருது) விருதுக் குறிப்பில் உள்ளதை வைத்துச் சொல்கிறேன்.

சாயங்காலம் ஆறரைக்கு ஆள் மாற்றம் முடிந்தது. பக்கத்திலேயே ஸ்னைப்பர்கள் சுட்டுக்கொண்டிருந்தும் ஒருவருக்கும் அடிபடவில்லை. ஒரு மணி நேரம் கழிந்திருக்கும், தாக்குதல் ஆரம்பித்தது. உயரத்தில் ஒரு 75 மி.மீ. பீரங்கி, ஒரு 37 மி.மீ. பீரங்கி. இரண்டையும் நேர்ப்பார்வையில் நிறுத்தி அந்தச் சின்ன இடத்துக்குள் பத்து நிமிஷம் குண்டு மேல் குண்டாகப் போட்டார்கள். பிறகு ஒரு கம்பெனிக்குக் குறையாத ஆட்கள் ஏறி வந்தார்கள். திருப்பி அனுப்பப்பட்டார்கள். நேத்ரபகதூர் ஒவ்வொரு குழியாகப் போய்ப் பையன்களிடம் பேசினார், அடிபட்டவர்களைக் கவனித்தார். பையன்கள் என்று சும்மா சொல்லவில்லை, அவரிடம் இருந்த என்.சி.ஓ.க்களும் (நாயக், ஹவில்தார் மாதிரிச் சின்னப் பொறுப்புக்காரர்கள்) ரைபிள்மேன்களும் பெரும்பாலும் இளவயசு என்று குறிப்பிலேயே இருக்கிறது.

கொஞ்சம் ஓய்ந்தது. டெலிபோனை எடுத்து பட்டாலியன் தளபதியான சி.ஓ.வுக்கு நிலைமையைத் தெளிவாக, சுருக்கமாகச் சொன்னார். பீரங்கி ஆதரவு இன்னும் கேட்டார்.

பிறகு கும்மிருட்டு, கொட்டும் மழை. அந்த மறைவில் ஜப்பானியர் காட்டுப் பக்கமாகச் சுற்றி வந்து, சின்ன வெட்டவெளியைத் தாண்டிப் பாய்ந்தார்கள். தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தபோது ஒரு சிறு குழுவின், அதாவது ஒரு செக்‌ஷனின் எல்.எம்.ஜி.யும் (இலகு இயந்திரத் துப்பாக்கி) டாமி கன்னும் இரண்டுமே சிக்கிக்கொண்டன. அவ்வளவுதான், அந்த செக்‌ஷனும் அடுத்ததும் விழுந்தன. 16 பேரில் 12 பேர் செத்தார்கள் அல்லது காயம்பட்டார்கள். கையில் ரிசர்வ் கிடையாது. அவரே முன்னால் போய் கிரனேடால் அடைத்தார்.

பாதிக்கு மேல் ஆள் இல்லை, குண்டு குறைந்துவிட்டது, சுற்றளவின் ஒரு பகுதிக்குள் எதிரி. இந்த நிலையில் பின்வாங்கியிருந்தால் அது நியாயம்தான் என்று விருதுக் குறிப்பே ஒப்புக்கொள்கிறது. அவர் போனில் சொன்னது: நிற்கப் போகிறேன், ஆளும் குண்டும் அனுப்புங்கள்.

காலை நான்கு மணிக்கு 8 பேர் கிரனேடும் தோட்டாவும் சுமந்து வந்து சேர்ந்தார்கள். வந்த அரவத்திலேயே சூடு விழுந்து எட்டுப் பேரும் சாய்ந்தார்கள். நேத்ரபகதூர் அந்தச் சரக்கை எடுத்துக்கொண்டு தன் பிளட்டூன் தலைமையகத்து ஆட்களோடு கிரனேடும், குக்ரி என்ற வளைந்த கத்தியுமாக எதிர்த்தாக்குதலுக்கு இறங்கினார். வாயில் ஒரு தோட்டா பாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு கிரனேட்.

மொத்தம் எட்டு மணி நேரம். மறுநாள் உடலைக் கண்டெடுத்தபோது கையில் குக்ரி இருந்தது, பக்கத்தில் மண்டை பிளந்த ஒரு ஜப்பானிய வீரர்.

ஜூன் 14

எதிர்பார்த்த மாதிரியே கீழே எல்லாரும் குக்ரியைப் பிடித்துக்கொண்டார்கள். படம் வேறு போட்டிருக்கிறீர்கள்.

குக்ரி உண்மை. நான் மறுக்கவில்லை. தசைன் பண்டிகையின்போது அவர்கள் அதை வைத்துப் பூஜை செய்வதைப் பார்த்திருக்கிறேன், சமையலுக்கும் விறகுக்கும் எடுப்பதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் எட்டு மணி நேரத்தில் குக்ரி வந்தது கடைசிச் சில நிமிஷங்கள். மீதி நேரமெல்லாம் அந்த மனிதர் செய்தது ஒரு சுபேதாரின் வேலை. எந்தக் குழியில் எத்தனை பேர் மிச்சம், எவனுக்கு எவ்வளவு தோட்டா, அடிபட்டவனை எங்கே இழுத்துப் போடுவது, எந்தப் பக்கம் காடு நெருங்கியிருக்கிறது, சி.ஓ.விடம் என்ன கேட்பது. இவ்வளவையும் மழையில், இருட்டில், மேலிருந்து பீரங்கி பார்த்துக்கொண்டிருக்கும்போது யோசிக்க வேண்டும். வெறி பிடித்தவனால் இது ஆகாது. நிதானம் வேண்டும். பயம் என்னவென்று தெரிந்தவனுக்குத்தான் அந்த நிதானத்தின் விலையும் தெரியும்.

ஜூன் 14, சாப்பாட்டுக்குப் பிறகு

டெலிபோன் பற்றித் தனியாக எழுத வேண்டும், நான் சிக்னல்காரன்.

ஃபீல்டு டெலிபோன் என்றால் இரண்டு முனைக்கும் நடுவே தரையில் கிடக்கும் ஒரு கேபிள். ஷெல் விழுந்தால் அறும். ஆள் கால் தடுக்கினால் அறும். மழையில் ஜாயிண்டுக்குள் தண்ணீர் போனால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். அறுந்தால் ஒருவன் இருட்டில் கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போய் அறுந்த முனையைக் கண்டுபிடிக்க வேண்டும். நாங்கள் சண்டையே இல்லாத நாளில், மழையில், அட்டைக்கடியோடு இதைச் செய்வோம். அப்போதே கைவிரல் விறைத்துவிடும்.

அன்று மோர்ட்டார் பிளஃபுக்குப் போன லைன் அந்தப் பீரங்கி அடியைத் தாண்டியும் பேசியிருக்கிறது. இரண்டாவது தாக்குதலுக்குப் பிறகும் பேசியிருக்கிறது. அந்த லைனைப் போட்டவன், காப்பாற்றியவன் யார் என்று எந்தக் குறிப்பிலும் பெயர் இல்லை. எனக்கு அந்த ஆள்மேல் பெரிய மரியாதை. நேத்ரபகதூரின் குரல் கீழே போய்ச் சேர்ந்ததால்தான் நமக்கு அந்த ராத்திரியே கிடைத்திருக்கிறது.

கீழே போனைப் பிடித்துக்கொண்டு கேட்ட ஆளையும் நினைக்கிறேன். ஆள் அனுப்பு என்கிறான், இருக்கிறதெல்லாம் ஒரு செக்‌ஷன்.

ஜூன் 15

“பயம் இருந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் 1944-இல் இருந்தீர்களா?” என்று சேலத்து நண்பர் கேட்கிறார். நியாயமான கேள்வி.

நேத்ரபகதூரின் மனசுக்குள் என்ன இருந்தது என்று நான் சொல்லவில்லை. என்னோடு இருந்தவர்களைச் சொல்கிறேன். எங்கள் போஸ்டில் ஒரு ரைபிள்மேன், நேபாளத்தில் கண்டகி நதிப் பக்கத்துப் பையன். ரோந்துக்குக் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் லாங்கருக்கு (சமையல்கூடம்) பின்னால் போய் வாந்தியெடுப்பான். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து வரிசையில் நிற்பான். யாரும் கேலி செய்ய மாட்டார்கள். அவனுடைய செக்‌ஷன் கமாண்டர் எதுவும் கேட்காமல் தண்ணீர் பாட்டிலை நீட்டுவார். நான் ஒருநாள் கேட்டேன். “டர் லாக்ச தாஜு” என்றான். பயமாக இருக்கிறது அண்ணா. சொல்லிவிட்டுச் சிரித்தான், பெல்ட்டை இறுக்கினான், போனான்.

அவனைப் போய் “உனக்குத்தான் பயமே கிடையாதே” என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஜூன் 15, இரவு

வேறொருவர்: “பாட்டும் தமாஷும் இல்லாமல் கூர்க்கா ஏது?” உண்மைதான்! ராத்திரி மாதல் என்ற மத்தளத்தைத் தட்ட ஆரம்பித்தால் கர்னல் வந்து கேட்டால்தான் நிற்கும். எனக்கு சுந்தரகாண்டம் தெரியுமா என்று கேட்டு, தெரியும் என்றதும், அவர்கள் நேபாளி மொழியில் உள்ள பானுபக்தர் ராமாயணத்தில் ஒரு வரி, நான் கம்பனில் ஒரு வரி என்று மாறிமாறிச் சொல்லி இரவைக் கடத்தியிருக்கிறோம். என் ரசத்தைக் குடித்துவிட்டு மருந்து என்று நினைத்து “ஜுரம் இல்லையே சாப்” என்றவன் உண்டு. அந்த வெடிச்சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

ஜூன் 17

மதுரையிலிருந்து ஒருவர் கடுமையாக எழுதியிருக்கிறார். சாரம் இது: இம்பால்–கோஹிமா சாலை 1944 ஜூன் 22-லேயே திறந்துவிட்டது, முற்றுகை முடிந்தது, ஜப்பான் தோற்றாகிவிட்டது. மூன்று நாள் கழித்து ஒரு மொட்டைச் சரிவுக்காக 41 பேரைக் காவு கொடுத்தது வீண். அதுவும் கடைசியில் அந்த இடம் விழுந்துவிட்டது.

தேதி சரி. 109-வது மைல்கல்லில் 22-ஆம் தேதி வடக்கிலிருந்து வந்த படையும் இம்பால் படையும் சந்தித்தன. ஜூலை முதல் வாரம் ஜப்பானியர் முழு நடவடிக்கையையும் கைவிட்டார்கள்.

ஆனால் 25-ஆம் தேதி அந்த மலையில் நின்றவனுக்கு இதில் என்ன உபயோகம்? 33-வது டிவிஷன் இன்னும் கைவிடவில்லை. முந்தின நாள்தான் வாட்டர் பிக்கெட்டைப் பிடித்தது. பீரங்கியை அந்தச் சேற்றில் உயரத்துக்கு இழுத்து ஏற்றியிருக்கிறது. அவர்களும் பசியோடும் நோயோடும் மழையில் நனைந்துகொண்டு ஏறி வந்தவர்கள், அதையும் சொல்ல வேண்டும். போர் முடிந்தது என்று மேலிடத்து வரைபடத்தில் தெரியலாம், பதுங்குகுழியில் தெரியாது.

வீண் என்பதைப் பற்றி: 26-ஆம் தேதி காலை என்ன நடந்தது என்று பாருங்கள். நாளை எழுதுகிறேன், கண் எரிகிறது.

ஜூன் 18

26 காலை அதே 2-வது பட்டாலியனின் ஒரு கம்பெனிக்கு மோர்ட்டார் பிளஃப், வாட்டர் பிக்கெட் இரண்டு நிலைகளையும் மீட்கச் சொல்லி உத்தரவு. இலக்குக்கு 80 கஜம் முன்னால், முகடு என்று நினைத்து ஏறிய இடம் முகடு இல்லை. அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். மோர்ட்டார் பிளஃபிலிருந்து ஒரு மெஷின் கன், காட்டிலிருந்து அந்த 37 மி.மீ. பீரங்கி.

நாயக் ஆகன்சிங் ராய் தன் செக்‌ஷனைக் கூட்டிக்கொண்டு மெஷின் கன்னை நோக்கி நேராக ஓடினார். நாலு பேர் கொண்ட அந்தக் குழுவில் மூன்று பேரை அவரே வீழ்த்தினார். அந்த வேகத்தில் மோர்ட்டார் பிளஃப் மீண்டது. அடுத்தது பீரங்கி. பாதி தூரம் போவதற்குள் அவர் செக்‌ஷனில் மூன்று பேர்தான் மிச்சம், இருந்தும் பீரங்கியை அடக்கினார்கள். பிறகு வாட்டர் பிக்கெட் பக்கம் ஒரு தனி பங்கர். ஒரு கையில் கிரனேட், ஒரு கையில் டாமி கன், தனியாகப் போனார். உள்ளே நாலு பேர். சிறிது நேரத்தில் வாட்டர் பிக்கெட்டும் கைக்கு வந்தது.

ஒரே பட்டாலியன், ஒரே மலை, ஒரே நாள், இரண்டு விக்டோரியா கிராஸ். ஆகன்சிங் உயிரோடு வாங்கினார், பின்னாளில் இந்திய ராணுவத்தில் தொடர்ந்து, 2000-ஆம் ஆண்டுவரை வாழ்ந்தார்.

மதுரைக்காரருக்கு: ராத்திரி எட்டு மணி நேரம் அந்த இடம் நின்றதால் எதிரிக்கு அங்கே வேரூன்ற நேரம் கிடைக்கவில்லை. விடிந்த சில மணி நேரத்தில் எதிர்த்தாக்குதல் வந்துவிட்டது. முன்னிரவிலேயே விழுந்திருந்தால் ஆகன்சிங்குக்கு வேறு மாதிரியான மலை காத்திருந்திருக்கும். இது என் கணிப்பு.

ஜூன் 18, மதியம்

நேத்ரபகதூரும் ஆகன்சிங்கும் ஒருவரையொருவர் அறிந்தவர்களா என்று கேட்கிறீர்கள். ஒரே பட்டாலியன் என்றால் ஒரே லாங்கர், ஒரே பரேடு. சுபேதாரைத் தெரியாத நாயக் இருக்க முடியாது.

ஜூன் 20

இரண்டாவது கேள்வியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். வெள்ளைக்காரன் பட்டாளம்.

இன்று ஒரு அம்மா எழுதியிருக்கிறார்: அவருடைய தாத்தா மலாயாவில் ரப்பர் தோட்டத்திலிருந்து ஐ.என்.ஏ.வில், அதாவது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர். “என் தாத்தாவும் உங்கள் சுபேதாரும் எதிரெதிரே நின்றிருக்கலாம். நான் யாருக்காக அழுவது?”

அம்மா, இதற்கு நான் சாமர்த்தியமாகப் பதில் சொல்லப்போவதில்லை. பிஷன்பூருக்குத் தெற்கே அதே சாலையில்தான் மொய்ராங். 1944 ஏப்ரல் 14-இல் ஐ.என்.ஏ. அங்கே மூவண்ணக் கொடி ஏற்றியது. இடைவெளி பஸ்ஸில் போனால் அரை மணி நேரத்துச் சமாச்சாரம். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் நேதாஜி பின்னால் போனார்கள். அவர்கள் இந்த நாட்டுக்காகத்தான் போனார்கள்.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கமும் கூர்க்கா இருந்தார்கள். துர்கா மல்லா என்று பெயர், டேராடூன் பக்கம் டோய்வாலாவில் பிறந்தவர். 1-வது கூர்க்கா ரைபிள்ஸிலிருந்து மலாயாவில் கைதாகி ஐ.என்.ஏ.வில் சேர்ந்தவர். 1944 மார்ச்சில் மணிப்பூர் மலையில் பிடிபட்டார். ராணுவ நீதிமன்றம் விசாரித்து அதே ஆண்டு ஆகஸ்ட் 25-இல் டெல்லியில் தூக்கிலிட்டார்கள். நேத்ரபகதூர் விழுந்து கிட்டத்தட்ட இரண்டு மாசம். நாடாளுமன்ற வளாகத்தில் இன்று அவருக்குச் சிலை இருக்கிறது.

ஒரு கோடையில் இரண்டு கூர்க்கா. ஒருவருக்கு விக்டோரியா கிராஸ், ஒருவருக்குத் தூக்குக் கயிறு, இரண்டையும் கொடுத்தது ஒரே அரசு.

ஜூன் 20, இரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். நான் கேள்வியைத் தாண்டிப் போய்விட்டதாகத் தோன்றக்கூடாது. என் முடிவைச் சொல்கிறேன்.

லம்ஜுங் மலைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்தது ஜார்ஜ் மன்னர் மேலிருந்த பக்தியால் இல்லை. படிக்கட்டு வயலில் விளைவது வருஷத்தில் சில மாசத்துக்குத்தான் வரும். ஊரில் முந்தின தலைமுறை பட்டாளத்துக்குப் போய் வந்திருக்கும். கூரை மாற்ற, கல்யாணம் செய்ய, எருமை வாங்க அந்தச் சம்பளம்தான். எங்கள் வேலூர்ப் பக்கமும் இதே கதைதான். என் தாத்தாவும் அதே அரசின் சம்பளம் வாங்கினவர். அதை வைத்து அவரை நான் துரோகி என்று சொல்ல மாட்டேன்.

அன்று ராத்திரி அவர் யாருக்காக நின்றார் என்றால், அந்தக் குழிகளில் இருந்த பையன்களுக்காகவும், கீழே முகட்டில் தன்னை நம்பி இருந்த மற்ற பிக்கெட்டுகளுக்காகவும் என்றுதான் என்னால் படிக்க முடிகிறது. அடிபட்டவர்களைப் போட்டுவிட்டுப் பின்வாங்குவது எப்படி என்று ஒரு சுபேதாருக்கு நன்றாகவே தெரியும். அவர் கேட்டது தோட்டா.

நான் அதைத் தியாகம் என்றுதான் சொல்வேன். ஐ.என்.ஏ. தாத்தாவுடையதையும்.

ஜூன் 22

அந்த எட்டுப் பேருக்குத் திரும்ப வருகிறேன். நாலு நாளாக அவர்கள்தான் மனதில்.

நினைத்துப் பாருங்கள். கீழே பத்திரமான இடத்தில் (பத்திரம் என்றால் ஒப்பீட்டில்தான்) இருக்கிறீர்கள். மேலே இரவு முழுக்க வெடிச்சத்தம். அங்கே பாதிப் பேர் போய்விட்டார்கள் என்று எக்ஸ்சேஞ்சில் இருந்தவன் வழியாகச் செய்தி கசிந்திருக்கும். உங்களைக் கூப்பிட்டு, தோளில் கிரனேட் பெட்டி ஏற்றி, போ என்கிறார்கள். சேறு, வழுக்கல், விளக்கு காட்டக்கூடாது, ஓடவும் முடியாது, திருப்பிச் சுடவும் கை சும்மா இல்லை. போய்ச் சேர்ந்தார்கள். அதுதான் எனக்குத் திகைப்பு. சேர்ந்த பிறகுதான் விழுந்தார்கள். பெட்டி போய்ச் சேர்ந்துவிட்டது, நேத்ரபகதூர் கடைசியில் வீசிய கிரனேட் அவர்கள் சுமந்தது.

லைன் பார்ட்டியிலும் ராஷன் பார்ட்டியிலும் போனவனுக்கு இந்த வேலை தெரியும். இதற்குப் படம் வரைய மாட்டார்கள்.

ஜூன் 23

பிஷ்ணுபூருக்குப் போக நினைக்கும் இளைஞருக்கு: மணிப்பூரில் இப்போது நிலைமையைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். நான் அங்கிருந்த காலத்தில் லீவு கிடைத்தால் இம்பால் போர்க் கல்லறைகளுக்குப் போவேன். இந்தியப் படையினருக்கான கல்லறைத் தோட்டம் தனியாக இருக்கிறது. 9-வது ஜாட் ரெஜிமெண்டின் அப்துல் ஹாஃபிஸ், அவரும் விக்டோரியா கிராஸ், அங்கேதான் அடக்கம். எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்களின் பெயர்கள் நினைவுச் சுவரில் இருக்கின்றன. பிஷ்ணுபூர் போகும் வழியில் செங்குன்று அடிவாரத்தில் ஜப்பானியர் தங்கள் ஆட்களுக்காகக் கட்டிய அமைதி நினைவிடம் உண்டு.

முடிந்தால் மோரேவுக்கும் போய் வாருங்கள், பர்மாவிலிருந்து திரும்பிய நம் ஆட்கள் எல்லையில் ஊரே அமைத்திருக்கிறார்கள்.

ஜூன் 25

பென்ஷன் பற்றிக் கேட்டவருக்கு. இந்திய ராணுவத்தில் வேலை பார்த்த நேபாளிகளுக்கு காத்மாண்டு, போக்கரா, தரான் மூன்று இடத்திலும் நம் தூதரகத்தின் பென்ஷன் அலுவலகம் உண்டு. என்னோடு இருந்த ஒரு ஹவில்தார் கூப்பிட்டு போக்கரா போயிருந்தேன். பென்ஷன் நாளில் மலையிலிருந்து இறங்கி வரும் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். பாதிக்குப் பாதி விதவைகள். மூக்குத்தி, மடியில் பிளாஸ்டிக் உறையில் காகிதம். சிலர் முந்தின நாளே நடக்க ஆரம்பித்திருப்பார்கள். கிழவி ஒருத்தி என் நண்பரைப் பிடித்துக்கொண்டு, தன் கணவர் எந்தச் சண்டையில் செத்தார் என்று அந்தக் காகிதத்தில் எழுதியிருக்கிறதா, படித்துச் சொல் என்றாள். பட்டாலியன் பெயரும் நம்பரும்தான் இருந்தது. அவர் அதையே மெதுவாக, மரியாதையாக, இரண்டு தடவை படித்துக் காட்டினார்.

இப்போது அங்கிருந்து புதிதாக ஆள் வருவது நின்றுவிட்டது. கொரோனாவில் ஆள்சேர்ப்பு நின்றது, 2022-இல் அக்னிபத் வந்தபோது 1947-இன் முத்தரப்பு ஒப்பந்தத்துக்கு இது பொருந்தாது என்று நேபாள அரசு அனுமதி தரவில்லை. நாலு வருஷத்தில் முக்கால்வாசிப் பேரைத் திருப்பி அனுப்பினால் அவன் மலைக்குப் போய் என்ன செய்வான் என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி என்று நினைக்கிறேன். இரண்டு அரசும் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும். ஒரு ஊரின் மூன்று நான்கு தலைமுறைப் பிழைப்பு அது.

ஜூன் 26

கடைசியாக வந்த கேள்வி: அந்தப் பட்டாலியன் இன்று இருக்கிறதா, இங்கிலாந்துக்குப் போய்விட்டதா?

இருக்கிறது, நம்மிடம்தான். 1947-இல் பத்து கூர்க்கா ரெஜிமெண்டுகளில் ஆறு இந்தியாவுக்கு வந்தன, நாலு பிரிட்டனுக்கு. 5-வது இங்கே வந்தது. இன்று 5 கூர்க்கா ரைபிள்ஸ் (ஃபிராண்டியர் ஃபோர்ஸ்), பயிற்சி மையம் ஷில்லாங்கில். 2-வது பட்டாலியனை ‘வி.சி. பல்டன்’ என்றே கூப்பிடுவார்கள், ஏனென்றால் இரண்டாம் உலகப் போரில் அந்த ஒரு பட்டாலியனுக்கே மூன்று விக்டோரியா கிராஸ். நேத்ரபகதூர், ஆகன்சிங், அவர்களுக்கு முந்தின வருஷம் சின் மலையில் வாங்கிய கஜே கலே.

இழையைப் படிப்பவர்களில் யாருடைய தாத்தாவாவது பிஷன்பூர், பாலேல், தாமு பக்கம் எந்தப் படையிலாவது இருந்திருந்தால், பட்டாலியன் பெயரும் ஊரும் மட்டுமாவது கீழே எழுதுங்கள். ஐ.என்.ஏ. என்றாலும் எழுதுங்கள். தெரிந்த வரையில் எந்த நிலையில் நின்றார்கள் என்று தேடிப் பார்த்துச் சொல்கிறேன்.